ஹெரான் தோற்ற போரில் மூட்டை சுமந்தவர்கள்

சித்திரை நெருங்கினால் அழகர்கோவில், மேலூர்ப் பக்கம் ஒரு கதை மறுபடி உயிர்பெறும். வெள்ளைக்காரக் கர்னல் ஒருவன் கோவிலைக் கொள்ளையடித்தான். சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனான். நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்து வெட்டிச் சிலைகளை மீட்டார்கள். கதையின் எலும்பு உண்மைதான். கதை முடிந்த பிறகு வருகிற பேச்சுதான் நமக்குப் பிரச்சினை. எங்கள் முன்னோர் எதிர்த்து நின்றார்கள், உங்கள் முன்னோர் அவனுக்குச் சிப்பாயாகவும் சமையல்காரனாகவும் போனார்கள் என்று சேரிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கல்லூரி விடுதிகளில் இதைக் கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் வாயடைத்துப் போகிற தம்பி தங்கைகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கர்னல். பெயர் அலெக்சாண்டர் ஹெரான். ஆண்டு 1755. கர்நாடகப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டையை நிறுத்தி வைத்திருந்த நேரம். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்குக் கழுத்தளவு கடன்பட்டிருந்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் என்னுடையவை, படை அனுப்பினால் அங்கே கப்பம் வசூலித்து உங்கள் கடனைத் தீர்க்கலாம் என்பது அவர் சொன்ன வழி. ஆக, இந்தப் போரின் வேர் ஒரு கடன் பத்திரம். நாட்டைப் பிடிக்க என்று பெரிதாக யாரும் திட்டம் போட்டுக் கிளம்பவில்லை. சுமார் 500 ஐரோப்பியச் சிப்பாய்கள், 2,000 இந்தியச் சிப்பாய்கள், நவாபின் அண்ணன் மாபூஸ்கானின் குதிரைப்படை, சிப்பாய்களுக்குத் தலைவராக யூசுப்கான் என்று திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். இந்த யூசுப்கான்தான் நாம் மருதநாயகம் என்று அழைப்பவர்.

மதுரை சண்டையில்லாமல் விழுந்தது. அங்கே அதிகாரம் செய்துகொண்டிருந்த மியானா என்ற பட்டாணியத் தளபதி ஓடிப்போய்க் கோவில்குடிக் கோவிலுக்குள் புகுந்துகொண்டார். ஆங்கிலேயர் எழுதிய அந்தப் பெயரை ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள திருமோகூரோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஹெரான் கோவில் கதவுக்குத் தீ வைத்து உள்ளே நுழைந்தார். மியானா அதற்குள் தப்பிவிட்டார். ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் படை கோவிலைச் சூறையாடியது. செம்புச் சிலைகளை எடுத்துக்கொண்டார்கள். 5,000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று சாமிக்கே பிணைத்தொகை கேட்டார்கள். பணம் வரவில்லை. சிலைகள் மூட்டையோடு சேர்ந்தன.

பிறகு தெற்கே போனார்கள். நெல்லிக்கோட்டை என்ற சிறு கோட்டையில் நடந்ததைப் பலர் சொல்வதே இல்லை. உள்ளே இருந்தவர்களை ஆண், பெண், குழந்தை பாராமல் வெட்டினார்கள். ஏறக்குறைய 400 பேர். உயிரோடு விடப்பட்டவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று எழுதியிருப்பவர் ராபர்ட் ஆர்ம். அவர் அப்போது சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், பிறகு கம்பெனியின் வரலாற்றை எழுதியவர். கம்பெனியின் ஆளே இப்படி எழுதுகிறார். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலிலோ கதை வேறு. கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. படைக்குச் சோறும் பணமும் தட்டுப்பாடு. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். பலவீனமான கோட்டையில் படுகொலை, பலமான கோட்டை முன்னால் பின்வாங்கல். இந்தத் தளபதியின் போர்த்திறமை இவ்வளவுதான்.

வசூலான பணம் படைச் செலவுக்கே போதவில்லை. அதனால் ஹெரான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகைக்கு விட்டார். அந்த மாபூஸ்கான் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பூலித்தேவரோடு சேர்ந்து கம்பெனிக்கே எதிராகத் திரும்பினார் என்பதும், சீமையை அடக்க மறுபடி யூசுப்கானை அனுப்ப வேண்டி வந்தது என்பதும், அந்த யூசுப்கானையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள் என்பதும் பின்கதை. ஒரு மூடத்தனமான குத்தகையை அடைக்க ஒன்பது ஆண்டு ரத்தம்.

சென்னையிலிருந்து திரும்பி வா என்று உத்தரவு வந்தது. 1755 மே மாதக் கடைசியில் படை நத்தம் கணவாய்க்குள் நுழைந்தது. அழகர்மலைத் தொடருக்கு வடக்கே, இருபுறமும் அடர்ந்த காடு, நடுவில் ஒற்றை வழி. பீரங்கித் தளவாட வண்டி ஒன்று சேற்றில் சிக்கியது. முன்னால் போன படை நிற்காமல் போய்விட்டது. பின்னால் வண்டிகளும் மாடுகளும் மூட்டைகளும் முட்டிக்கொண்டு நின்றன. அந்த இடைவெளியில்தான் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு இறங்கினார்கள். 'சாமி, சாமி' என்று கத்திக்கொண்டே வண்டிகளை உடைத்து, கோவில்குடிச் சிலைகளை எடுத்துப் போனார்கள் என்கிறார் ஆர்ம். படை உருக்குலைந்து திருச்சி போய்ச் சேர்ந்தது.

ஹெரானைச் சென்னைக்கு அழைத்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கம்பெனி வேலையிலிருந்து நீக்கினார்கள். கோவில் கொள்ளையைக் கவுன்சில் கண்டித்தது உண்மை. ஆனால் அவரைக் கவிழ்த்தது பணம். சீமையைக் குத்தகைக்கு விட்டதில் யார் கையில் என்ன விழுந்தது, சென்னையைக் கேட்காமல் யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டார் என்பதே கேள்வி. நெல்லிக்கோட்டையில் செத்த 400 பேருக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டம் படிக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிகாரி தன் மேலிடத்துக்குச் செய்த துரோகம் குற்றம். கீழே இருக்கிறவனுக்குச் செய்தது செலவுக் கணக்கு.

இனி நம் கேள்விக்கு வருவோம். கணவாயில் பின்வரிசையில் சிக்கி நின்றது யார்?

அந்தக் காலத்து எந்தப் படையும் சிப்பாய்களால் மட்டும் நகர்ந்ததில்லை. ஒரு சிப்பாய்க்குப் பின்னால் பல வேலையாட்கள். மாட்டு வண்டி ஓட்டுகிறவர், பீரங்கி இழுக்கிற லஸ்கர், கூடாரம் சுமக்கிற கூலி, குதிரைக்காரர், குதிரைக்குப் புல் அறுக்கிறவர், தோல் வேலை செய்கிறவர், வெள்ளை அதிகாரியின் சமையல்காரர், படையோடு நகர்கிற சந்தைக்காரர்கள், அவர்களின் பெண்டு பிள்ளைகள். மாட்டுக்கறி சமைக்கவும், குதிரைச் சாணி அள்ளவும், தோலைத் தொடவும் மற்ற சாதிக்காரர் வரமாட்டார்கள். ஐரோப்பியர்களிடம் அந்த வேலைகளுக்குப் போனவர்களில் பறையர்கள் ஏராளம். மதராஸ் படையில் சிப்பாய்களாகவும் சேர்ந்தார்கள்; பிற்காலத்துச் சுரங்கப்படையிலும் பயனியர் படையிலும் அவர்களுக்கென்று பெரிய இடமே இருந்தது. ஆர்ம் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார். ஐரோப்பிய அதிகாரி என்றால் பெயர் சொல்கிறார். மூட்டை சுமந்தவருக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

நினைத்துப் பாருங்கள். அந்தச் செம்புச் சிலைகளைக் கர்னல் தன் தோளில் சுமந்திருக்க மாட்டார். கோவிலுக்குள் கால் வைக்க முடியாத ஒருவர் தலையில் அது ஏறியிருக்கலாம். மீட்கப்பட்ட சிலை கோவிலுக்குத் திரும்பினால் அதே ஆளுக்குக் கண்ணால் காணும் உரிமைகூட இல்லை. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. நத்தம் கணவாய்ச் சண்டைக்கு 184 ஆண்டு கழித்து. உங்கள் முன்னோர் ஏன் சாமிக்காகச் சண்டை போடவில்லை என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

ஏன் வெள்ளைக்காரனிடம் போனார்கள் என்ற கேள்விக்கு இன்னும் எளிய பதில் உண்டு. ஊரில் இருந்தால் பண்ணையாள். நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்று ஓலை எழுதிய நாடு இது. சட்டப்படி அடிமை முறையை மறுத்த சட்டமே 1843இல்தான் வந்தது. படையோடு போனால் மாதக் கூலி, ஒரு துணி, ஊர்த்தெரு வழியாக நடக்கிற உரிமை. அடிமை ஓலைக்கும் கூலிக்கும் இடையில் ஒருவர் கூலியைத் தேர்ந்தால் அதைத் துரோகம் என்று எந்த அளவுகோலால் அளப்பது?

சரி, துரோகம் என்றே பேசுவோம். மேலிருந்து தொடங்குவோம். கம்பெனியை மதுரைக்கு அழைத்தது நவாப். சீமையைக் குத்தகை எடுத்தது நவாபின் அண்ணன். ஹெரானோடு உறவு வைத்துக்கொள்ளக் கடற்கரையில் இடம் தருகிறோம் என்று முன்வந்தது இராமநாதபுரம் சேதுபதியின் அரசு. திருச்சி முற்றுகையில் கம்பெனிப் படை பட்டினி கிடக்காமல் தானியம் அனுப்பிக் காப்பாற்றியது புதுக்கோட்டைத் தொண்டைமான். அதே தொண்டைமான் வம்சம்தான் 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது. தொண்டைமான் கள்ளர் மன்னர் என்பது ஊரறிந்த விஷயம். இதை வைத்துக் கள்ளர் எல்லோரும் வெள்ளைக்காரனின் ஆட்கள் என்று நாங்கள் சொன்னால் எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம்தான் சேரியைப் பார்த்துச் சொல்வதும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அரசர்கள் நாட்டைக் கொடுத்து நாட்டை வாங்கினார்கள். கூலிக்காரர் உழைப்பைக் கொடுத்துச் சோறு வாங்கினார். அரசர்களின் ஒத்துழைப்புக்கு ராஜதந்திரம் என்று பெயர், சிலையும் மண்டபமும் உண்டு. கூலிக்காரரின் ஒத்துழைப்புக்கு மட்டும் துரோகம் என்று பெயர்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படைக்கு எதிராகக் கம்பெனிப் பக்கம் நின்று மடிந்தவர்களில் மகர் வீரர்கள் பலர். அவர்கள் பெயர்கள் அங்கே தூணில் இருக்கின்றன. அண்ணல் அம்பேத்கர் 1927இல் அங்கே போனார். 2018இல், இருநூறாம் ஆண்டில், அங்கே கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். காரணமாகப் பேசப்பட்டதும் இதே துரோகப் பட்டம்தான். அம்பேத்கர் அந்தப் போர்வீரர்களைப் பற்றி எழுதியபோது வெறும் பெருமை பேசவில்லை. தீண்டப்படாதாரின் தோளில் ஏறி நாட்டைப் பிடித்த வெள்ளைக்காரன், வேலை முடிந்ததும் அவர்களைப் படையிலிருந்தே ஒதுக்கியதைக் கேள்வி கேட்டார். வீர இனம் என்ற கட்டுக்கதை வந்த பிறகு, 1890களில், மகர்களுக்குப் படையின் கதவு சாத்தப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகனுக்கு அது வீட்டுக் கதை.

எங்கள் இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களின் வீரக்கதைக்குப் போட்டியாக நாமும் ஒன்று தயாரிக்கலாம் என்ற ஆசை சிலருக்கு வருகிறது. ஹெரானின் படையே நம் படைதான் என்று ஒரு சுவரொட்டி அடித்துவிடலாம் என்பார்கள். வேண்டாம். நெல்லிக்கோட்டையில் குழந்தைகளை வெட்டியதும் அந்தப் படைதான். அதன் வெற்றியில் பங்கு கேட்டால் அந்த ரத்தத்திலும் பங்கு கேட்டதாகிவிடும். பின்வரிசையில் நின்றவர்களுக்குப் பேர் வேண்டும், நியாயம் வேண்டும். பொய்க் கிரீடம் வேண்டாம்.

அதேபோல், கணவாயில் மறித்தவர்களின் கோபம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு ஒன்றும் குறையாது. கொள்ளையடித்தவனை மறித்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்குப் பலியானவர்களையும் நாங்கள் நம் தியாகிகளாகவே எண்ணுகிறோம். ஆனால் மேலூர் மண்ணின் வீரத்தைப் பேசுகிறவர்கள் 1997 ஜூன் 30ஐயும் சேர்த்தே பேச வேண்டும். அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கணவாயில் கர்னலின் படையை மறித்த ஈட்டிக்குப் பரணி பாடிவிட்டு, தேர்தலில் ஜெயித்த ஒரு தலித்தை மறித்த அரிவாளைப் பற்றி வாய் மூடிக்கொள்வது என்ன வீரம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

படிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தொ. பரமசிவன் அழகர் கோயில் ஆய்வில் கள்ளருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை எழுதியதோடு நிற்கவில்லை. பள்ளர், பறையர், இடையர், வலையர் என்று ஒவ்வொரு சாதியையும் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். விடுதி நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்க வையுங்கள். 1755ஆம் ஆண்டின் கோட்டைப் பதிவேடுகள் அச்சாகியிருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாணவர் அடையாள அட்டையும் துறைத்தலைவர் கடிதமும் கொண்டு போய் அனுமதி கேளுங்கள். தளபதிகளின் கடிதங்களைத் தாண்டி, செலவுப் பட்டியல்களைப் பாருங்கள். கூலி, மாட்டுக்காரர், லஸ்கர் என்று தொகையோடு எழுதியிருக்கிற பக்கங்கள் அவை. இந்தக் கோடை விடுமுறையில் இரண்டு பேர் போனால்கூடப் போதும். போகிறவர்களுக்கு ரயில் செலவுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.