தாமதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு தேவை

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதை நம்பி இவ்வட்டாரத்தில் தொடங்கப்படும் சிறு நிறுவனங்கள் ஒன்றை மறந்துவிடலாகாது: நிறுவனத்தைப் பதிவு செய்வது எளிது; பதிவைக் காப்பாற்றுவதே கடினம்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, வருவாய் இல்லாவிட்டாலும் நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு விவர அறிக்கையையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம். இரண்டும் ஓராண்டு தாமதமானால் ரூ.73,000. தொடர்ந்து மூன்றாண்டுகள் தவறினால், இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதியிழப்பர்.

அறிக்கை தாக்கல் செய்யாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 2017-இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. போலி நிறுவனங்களைக் களைவது அவசியமே. ஆனால், பெருநிறுவனத்துக்கும் சிறுநிறுவனத்துக்கும் ஒரே தினக் கட்டணம், அதுவும் வரம்பின்றி ஏறுவது நியாயமன்று. பாக்கி பெருகப் பெருக, தாக்கல் செய்யும் எண்ணமே அற்றுப்போகும். சிறு நிறுவனங்களுக்கேனும் உச்சவரம்பு நிர்ணயித்தால், அறிக்கைகள் தாமதமாகவாவது வந்துசேரும்.