அடுக்குக்குறியா, வர்க்கமா?

‘எக்ஸ்பொனென்ஷியல்’ என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. விலைவாசி ஏறினாலும் அதுவே. விடுதியில் கொசு பெருகினாலும் அதுவே. ஊர்ப் பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அறிவியல் பயிலும் நாமும் அப்படிப் பேசலாமா? கூடாது என்பது என் கருத்து. அவ்வாறு பேசிப் பட்டவன் நான்.

சென்ற பருவத்தில், ஆய்வுக்கூடத்தில் எடுத்த 2 லட்சம் அளவீடுகளைக் கணினியில் வரிசைப்படுத்த முனைந்தேன். நான் எழுதியது குமிழி வரிசையாக்கம். அடுத்தடுத்துள்ள இரண்டை ஒப்பிட்டு இடம் மாற்றும் எளிய முறை. நெடுநேரம் காத்தும் முடியவில்லை. ‘இது அடுக்குக்குறி வளர்ச்சி, இனி நடவாது’ என்று முடிவு கட்டி, 20,000 அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினேன். விரைவில் விடை வந்தது. மகிழ்ந்தேன்!

அந்த விடையே என் அறியாமைக்குச் சான்று. ஒரு பொருள் கூடும்போதெல்லாம் வேலை ஒரே மடங்கில் பெருகுவதுதான் அடுக்குக்குறி வளர்ச்சி. அது இரட்டிப்பாக இருந்தால், 30 பொருளுக்கே 107 கோடிக்கு மேற்பட்ட படிகள். 100 பொருளுக்கோ 31 இலக்க எண்! அப்படியானால் 20,000 எங்ஙனம் முடிந்திருக்கும்?

குமிழி முறை வர்க்கமாக வளர்வது. பொருள்கள் இரட்டித்தால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகும்: 100-க்கு 4,950 ஒப்பீடுகள் வரை, 200-க்கு 19,900 வரை. என் 2 லட்சத்துக்கு ஏறத்தாழ 2,000 கோடி. பெரிதுதான், ஆயினும் பொறுத்திருந்தால் முடியும். பொறுக்கவும் வேண்டியதில்லை. பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, மீண்டும் சேர்க்கும் முறையை ஜான் வான் நியூமன் 1945-லேயே வகுத்துவிட்டார். அதில் 34 லட்சம் ஒப்பீடுகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

பின்னர் அம்முறையால் முழுவதையும் வரிசைப்படுத்தினேன். நான் தேடிய மிகப் பெரிய அளவீடு, தள்ளியவற்றுள் கிடந்தது!

நண்பர்களே, மெதுவாக நடப்பது வேறு, நடவாதது வேறு. ‘வர்க்கம்’ என்று சரியாகச் சொல்லியிருந்தால் நல்ல வழி தேடியிருப்பேன். ‘அடுக்குக்குறி’ என்றதால் கைவிட்டேன். அச்சொல் இனி நாவில் வரும்போது ஒன்று கேளுங்கள்: ஒரே ஒரு பொருள் கூடினால் வேலை மடங்காகிறதா? இல்லையெனில், சொல்லை மாற்றுங்கள், வேலையைக் கைவிடாதீர்கள்.