அழைக்காமல் வந்த விருந்தாளிகள்



ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன், போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிந்ததும் போன் செய்தான். வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறான். "சார், கல்லுல பூ மாதிரி ஏதோ முளைச்சிருந்தது. பிளேடால சுரண்டினேன். ஒண்ணு இருந்த இடத்துல இப்ப பத்து நிக்குது. எல்லாத்தையும் வாரி பீச்சுல விட்டுடவா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

படம் அனுப்பச் சொன்னேன். வந்திருந்தது ஐப்டேசியா, ஒருவகைக் கடல் சாமந்தி. கல் என்னவோ செயற்கைக் கல்தான். ஆனால் கடைக்காரர் தொட்டியில் ஊறிக் கிடந்தபோது இது ஒட்டிக்கொண்டது. இதை வெட்டக் கூடாது. விட்டுப்போன துணுக்கு ஒவ்வொன்றும் தனி உயிராக வளரும். கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்கிக் குழைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் அதன் வாயில் வைக்க வேண்டும். பெப்பர்மின்ட் இறாலும் இதைத் தின்னும்.

அதே கல்லில் முட்கள் கொண்ட புழு ஒன்றும் இருந்தது. அதையும் கொல்லக் கிளம்பினான். தடுத்தேன். அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. வெறுங்கையால் தொடக் கூடாது, முள் குத்தும், அவ்வளவுதான். அவை பெருகினால், நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் சொல்கிறேன்: ஆள் யாரென்று தெரியாமல் அடிக்கக் கையை ஓங்காதீர்கள். புதுக் கல்லைச் சில வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். இரவில் சிவப்பு விளக்கில் பாருங்கள். கல்லைக் கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சில உயிர்களின் நஞ்சு ஆவியோடு கலந்து, மூச்சுவழி ஏறி ஆளையே படுக்க வைத்துவிடும்.

இனி பீச் விஷயம். ஒரகடத்தில் நீங்கள் செய்யும் கார்கள் பலவும் எண்ணூர் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறுகின்றன. சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்கக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் கூடவே இறங்கும். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இன்று எண்ணூர் ஆற்றடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறதே, 'காக்கா ஆழி' என்கிறார்கள், அது இப்படிக் கப்பலோடு வந்திருக்கும் என்றே கருதுகிறார்கள். சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடித்தவர்களின் பிழைப்பு போனது. கப்பல் நீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004இல் உருவாகி, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கப்பலுக்கே சட்டம் என்றால், நம் பக்கெட்டுக்கு வேண்டாமா? "ஒரு கை அளவுதானே சார்" என்றான். எல்லாப் படையெடுப்பும் ஒரு கை அளவில்தான் தொடங்குகிறது. 'டேங்க் கிளீனர்' மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விட்டவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். இன்று ஏரி வலைகளில் அதுதான் சிக்குகிறது.

வேண்டாத உயிரை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றுங்கள். கடலிலும் ஏரியிலும் மழைநீர்க் கால்வாயிலும் வேண்டாம்.

தொட்டி உங்களுடையது. கடல் எல்லோருடையது. சந்தேகம் வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். ரிட்டயர்டு ஆசாமி, சும்மாதான் இருக்கிறேன்.