சேலைக்கு மேல் சட்டை

தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. சரிவான தோட்டத்தில் வேலை செய்ய என்ன உடை வசதி? தமிழகத்துக் காடுகழனிகளில் பெண்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: கொசுவத்தைத் தூக்கிச் செருகி, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. முள் கீறாது, குனிந்தால் மாராப்பு விலகாது. அதை அடக்கமில்லை என்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதே வீட்டுப் பெண் பேன்ட் போட்டால் மட்டும் ஊர் வாய் திறக்கிறது. பேன்ட்டோ உடலை மூடித்தான் இருக்கிறது!

2019இல் தமிழகத் தலைமைச் செயலகப் பெண் ஊழியர்களுக்கு வந்த உடை விதி சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்றது. துப்பட்டாவைக்கூட அரசாணை நினைவூட்ட வேண்டுமா?

கேரளத்தின் பாலுசேரி அரசுப் பள்ளியில் 2021 டிசம்பரில் பிளஸ் ஒன் மாணவ, மாணவியர் எல்லோருக்கும் ஒரே பேன்ட்-சட்டை வந்தது. எதிர்ப்பும் கிளம்பியது. ஆனால், விரும்பியவர்கள் முழுக்கைச் சட்டையோ முக்காடோ அணியத் தடையில்லை. பேன்ட்டைத் திணிப்பதும் பாவாடையைத் திணிப்பதும் ஒரே அதிகாரம்தான் என்பதால், அந்தச் சலுகையே அங்கு நடந்ததில் உருப்படியான பகுதி. வத்தல்மலை போன்ற ஊர்களின் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்கும்போதும் மேடேறி நடக்கும் பிள்ளைகளிடம் முதலில் கேட்கலாம்.