வண்டி நம்முடையது, ஆர்.சி. புக் யாருடையது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(இசட்ஏ)(பி) என்றொரு உட்பிரிவு உண்டு. 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுத்தால் அது குற்றம் என்கிறது. ஒரு மனிதன் பைக் ஓட்டலாம் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நாட்டில் வாழ்கிறோம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவர் கையில் வெட்டப்பட்டபோது, அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். நாம் எல்லாரும் கொதித்தோம், பதிவுகள் போட்டோம். சரிதான்.

ஆனால் நம் படிப்பு வட்டத்துக்கு பைக்கில் வருகிற தம்பிகளிடம் ஒரு கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. "தம்பி, உன் வண்டி ஆர்.சி. புக் யார் பேர்ல இருக்கு?"

தா.பழூர் பக்கம் பைக் இல்லாமல் பிழைப்பு ஓடாது. கொத்தனார் வேலை, சித்தாள் வேலை, செங்கல் சூளை, சிமெண்ட் ஆலை ஒப்பந்தக் கூலி, கல்லூரி எதுவாக இருந்தாலும் விடிகாலையில் கிளம்பியாக வேண்டும், பஸ் நம் நேரத்துக்கு வராது. புது வண்டி லட்சத்தைத் தொடுகிறது. ஆகவே பதினைந்தாயிரத்துக்கோ இருபதாயிரத்துக்கோ பழைய வண்டி. மதனத்தூர் பாலம் தாண்டி கும்பகோணத்தில் ஒரு டி.என்.68, இல்லையென்றால் பெரம்பலூர் காலத்து டி.என்.46, அல்லது ஊர்த்தெருவில் ஒருவர் புதுசு வாங்கிவிட்டுக் கழித்துவிடுகிற டி.என்.61. பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள், 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு டெலிவரி நோட், சாவி, ஆர்.சி. ஜெராக்ஸ், ஒரு டீ. பேர் மாற்றுவது 'அப்புறம் பாத்துக்கலாம்'. அந்த அப்புறம் வருவதேயில்லை.

இதில் மோசமான வகை ஒன்று இருக்கிறது. நம் ஒன்றியத்தில் அடிக்கடி காதில் விழுகிற கதைதான். வயலுக்குப் போகிற இடத்தில் மிராசுதார் தன் பழைய வண்டியைக் கொடுக்கிறார். விலையைக் கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. எழுத்து எதுவும் கிடையாது, ஆர்.சி. அவர் வீட்டு பீரோவில். இரண்டு அறுவடை போய்விடுகிறது. கூலி உயர்வு கேட்கிற வருடமோ, தேர்தலில் வேறு கட்சிக் கொடியை வண்டியில் கட்டுகிற வருடமோ வருகிறது. அன்றைக்கு, "என் வண்டிய எடுத்துட்டு ஓடிட்டான்" என்று அவர் ஸ்டேஷனில் சொன்னால் போதும். பணம் கட்டி முடித்தவன் திருட்டு வழக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பான். கடன் தீர்ந்த பிறகும் ஒருவன் கையில் இன்னொருவன் குடுமி இருப்பதற்குப் பண்ணையடிமை என்றுதானே முன்பு பெயர்?

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் 'உரிமையாளர்'. யார் பணம் கொடுத்தார், யார் பெட்ரோல் போடுகிறார் என்பதெல்லாம் அந்த வரையறைக்குள் வராது. 50-ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் இருப்பிடத்துக்குரிய அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். விற்றவருக்கு ஃபாரம் 29, மாற்றத்துக்கு ஃபாரம் 30. ஆக கும்பகோணத்தில் வாங்கினாலும் நம் விண்ணப்பம் போக வேண்டியது அரியலூருக்கு. ஸ்டாம்ப் பேப்பர் பணம் கொடுத்ததற்குச் சாட்சி, அவ்வளவே. சிவில் நீதிமன்றத்தில் அதைக் காட்டி வாதாடலாம். வாகனச் சோதனையில் நிற்கிற ஏட்டையாவிடம் வாதாட முடியுமா?

காலனித் தெருவில் ஒரு தகராறு, ஒரு திருவிழா, ஒரு கொடிக்கம்பப் பிரச்சினை என்று வந்தால் போலீஸ் முதலில் அள்ளிக்கொண்டு போவது நம் பையன்களின் பைக்குகளை. பறிமுதல் செய்த வண்டியை ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் மக்கவிடக் கூடாது, சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 பிரிவுகள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சட்டத்தில் 497, 503. நம் வழக்கறிஞர் தோழர்களுக்கு மனு எழுதத் தெரியும். ஆனால் நீதிபதி முதலில் பார்ப்பது ஆர்.சி. புக்கைத்தான். அதில் இருக்கிற பெயர் எதிர்த்தரப்புத் தெருவில் இருந்தால், வண்டியை மீட்க அந்த வீட்டு வாசலுக்குத்தான் போய் நிற்க வேண்டும். உரிமைக்காக நடந்த சண்டையில் பிடிபட்ட வண்டிக்காக!

சாவு விழுந்த வீடுகளில் இது இன்னும் கொடுமை. வண்டி இன்சூரன்சோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2018-ல் அதன் தொகை 15 லட்சமாக உயர்ந்தது. வண்டி தன் பெயரில் பதிவாகி, பாலிசியும் தன் பெயரில் இருந்து, செல்லுபடியாகும் லைசென்சும் உள்ளவருக்குத்தான் அது. ராத்திரி வேலை முடிந்து வருகிறவன் சாலையோரம் நிறுத்தியிருந்த லோடு டிராக்டரில் மோதிச் சாகிறான். வண்டி வேறொருவர் பெயரில். அவன் மனைவிக்கு அந்த 15 லட்சத்தைக் கேட்க வழியில்லை. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விண்ணப்பித்து பாலிசியைப் பெயர் மாற்ற வேண்டும் என்று 157-ஆம் பிரிவு சொல்வதை, விற்பவர், வாங்குபவர், புரோக்கர் ஆகிய மூவரில் ஒருவரும் பேசுவதில்லை.

விற்கிறவரும் தப்ப முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று மாறிக்கொண்டே போயிருக்கிறது, பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே. விபத்து நடந்தது. இழப்பீடு கட்ட வேண்டியவர் பதிவேட்டில் இருக்கிற அந்த முதல் ஆள்தான் என்று தீர்ப்பாயிற்று. அவசரத்துக்கு வண்டியை விற்றுத் தங்கைக்கு ஃபீஸ் கட்டுகிற நம் தம்பிகளுக்கும் இது பொருந்தும். ஃபாரம் 29-ஐக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை, இயக்க வேலையா?" என்று சில தோழர்கள் சலித்துக்கொள்கிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போயிற்று? அடித்துப் பிடுங்கியதும் உண்டு. ஆனால் பெரும்பகுதி போனது கைநாட்டில், பட்டா மாற்றத்தில், பதிவேட்டு வரியில். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் போயிற்று. காகிதம் எதிராளிக்கு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டாம். நம் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அருங்காட்சியகத்தில் போய் நின்றது, போலிக் கொள்முதல் காகிதங்களின் துணையில். 2014-ல்தான் திரும்பியது. திருட்டுச் சாமிக்கே ஆவணம் தயார் செய்துவிடுகிறார்கள். உழைத்து வாங்கிய ஸ்ப்ளெண்டருக்கு நம்மிடம் ஆவணம் இல்லை!

நம் ஆட்கள் சோம்பலால் மாற்றாமல் இருக்கிறார்கள் என்று சொல்கிறவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. மத்திய விதிப்படி பைக்குக்குப் பெயர் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி, அதாவது 150 ரூபாய். சேவைக் கட்டணம், கார்டுக்கானது என்று மேலே கொஞ்சம். அது சுமையில்லை. தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அரியலூர் போய், "நாளைக்கு வா" என்றால் திரும்பி, மறுபடி போவதில் கரைகிற இரண்டு நாள் கூலிதான் சுமை. கூடவே விற்றவரின் கையெழுத்து வேண்டும், பல நேரம் அவர் போனுக்கு வருகிற ஓ.டி.பி.யும் வேண்டும். அவர் போனை எடுப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், 150 ரூபாய் வேலைக்கு ஆயிரங்களில் விலை சொல்லிக்கொண்டு.

ஆகவே சாவி கைக்கு வருவதற்கு முன்பே கறாராக இருப்பது நல்லது. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஃபைனான்ஸ் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அந்தக் கம்பெனி தருகிற தடையின்மைச் சான்றும் ஃபாரம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள். சீசிங் வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும். காரைக்கால், புதுச்சேரி வண்டி என்றால் அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. வண்டிக்குப் பதினைந்து வருடம் நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். தேதி போடாத ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி பெட்டியில் வைத்துக்கொள்கிற பழக்கம் பெரிய ஆபத்து. கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டால் அந்த ஃபாரம் வெறும் தாள். அப்புறம் அவர் வாரிசுகள் ஃபாரம் 31 போட்டு முதலில் தங்கள் பெயருக்கு மாற்றியாக வேண்டும். கடைசித் தவணையாக இரண்டாயிரமோ மூவாயிரமோ நிறுத்தி வைத்து, பெயர் மாறியதும் தருகிறேன் என்று சொல்லுங்கள். விற்றவர் போனை எடுப்பார்.

1929-ல் சாளிஸ்காவ்ன் ஊரில் அண்ணலை ஏற்றிச் செல்ல ஒரு டோங்காக்காரரும் முன்வரவில்லை. தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்டினால் மரியாதை போய்விடுமாம். ஓட்டத் தெரியாத நம்மவர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார், வண்டி புரண்டது, பாரிஸ்டர் அம்பேத்கரின் கால் முறிந்தது. அடுத்தவன் வண்டியை நம்பியிருப்பது என்ன என்பதற்கு அவரே எழுதி வைத்த சாட்சி அது. சொந்த வண்டிக்கு நம் தெருவில் இவ்வளவு மதிப்பு இருப்பது வெறும் பந்தா என்று பேசுகிறவர்களுக்கு இது விளங்காது.

நாம் கேட்பது ஒன்று. லைசென்சுக்கு முகாம் போட முடிகிற போக்குவரத்துத் துறைக்கு, பெயர் மாற்றத்துக்கும் மாதம் ஒரு நாள் தா.பழூர் ஒன்றிய அலுவலகத்தில் முகாம் போட முடியும். வருகிற திங்கட்கிழமை அரியலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். வருகிறவர்கள் ஆர்.சி., டெலிவரி நோட், இன்சூரன்ஸ் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். எந்தெந்தக் காலனியில் எத்தனை வண்டி யார் பெயரில் நிற்கிறது என்ற பட்டியலை மனுவோடு இணைக்க வேண்டும்.