வலிக் களிம்புக்கு எத்தனை முறை பணம் கட்டுவது?

ஷிப்டு முழுவதும் மெஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு முழங்கால் வலி. சேற்றில் குனிந்து நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கு மணிக்கட்டிலும் வலி. டாக்டர் சீட்டில் ஒரு களிம்பு எழுதுகிறார். பேர்பெற்ற கம்பெனியின் 30 கிராம் குழாய் மருந்துக் கடையில் 100 ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு முழங்காலுக்கும் வேளை தவறாமல் தடவினால் அது ஒரு வாரம்கூட வராது.

அந்தக் குழாயைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி சூட்டிய பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக் என்றிருக்கும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 1970-களில் விற்பனைக்கு வந்த பழைய மருந்து இது. இதன் பேட்டண்ட் உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று எத்தனையோ கம்பெனிகள் தயாரிக்கின்றன. மருந்து ஒன்று, அளவும் ஒன்று. விலை மட்டும் பலவிதம். பெயருக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவு நம் தலையில்தான் விழுகிறது.

சில குழாய்களில் மென்தாலும் கலந்திருக்கும். தடவியதும் ஜிலுஜிலுவென்று இருப்பதால் அதுவே வீரியமான மருந்து என்று நாமும் வெகுநாள் நம்பியிருந்தோம்! இப்படிப்பட்ட கூட்டு மருந்துகள் சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்துக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் வரை விலை ஏற்றிக்கொள்ள 2013-ஆம் வருஷத்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவே இடம் கொடுக்கிறது. கேட்காமலே வருஷத்துக்கு 10 சதவீதம் கூலி உயர்த்திய முதலாளி எவரையாவது நீங்கள் கண்டதுண்டா?

ஆலைத் தொழிலாளர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ.-க்குத் தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 112 ரூபாய் 50 பைசா பிடித்தமாகிறது; நிர்வாகத்தின் பங்கு 487 ரூபாய் 50 பைசா. ஆக 600 ரூபாய். ஆகவே களிம்புக்கு நாம் முன்பணம் கட்டிவிட்டோம். பிறகு டிஸ்பென்சரி ஜன்னலில் "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்றால் ஒரே மருந்துக்கு இரண்டாம் முறை பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம். வாய் வார்த்தையை ஏற்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய ரசீதை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வயலில் உழைப்போருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும் உண்டு. அங்கே தரும் மருந்துக்குக் காசில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தின் பெயரைச் சொல்லி மொத்தமாக வாங்கித்தான் இவற்றுக்கு அனுப்புகிறது. "கவர்மெண்டு மருந்து கேட்காது" என்று அதை ஒதுக்கிவிட்டுக் கடனுக்குக் குழாய் வாங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள். இதை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். வெளியே வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், டாக்டரிடம் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லி, மத்திய சர்க்கார் 2008-இல் ஆரம்பித்த மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள்.

வீணாக்காமல் இருப்பதும் மிச்சம்தான். தோலுக்கு அருகே உள்ள முழங்கால், விரல் மூட்டுகளுக்கு இந்தக் களிம்பு நன்றாகக் கேட்கும். முதுகுத் தண்டின் ஆழத்து வலிக்கு அவ்வளவாகப் பயன் தராது. புண்ணின் மேல் தடவக் கூடாது. அதே வலிக்கு மாத்திரையும் விழுங்குகிறவர்கள், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டே உபயோகிக்க வேண்டும்.

"ஸ்டாக் இல்லை" என்று எழுதித் தந்த சீட்டுகளைத் தேதியோடு சேர்த்து வையுங்கள், தோழர்களே. அவற்றைச் சங்கத்தின் மனுவோடு இணைத்து ஈ.எஸ்.ஐ. அதிகாரிகளின் மேஜையில் வைப்போம்.