கை தொட்ட அறிவே கைவிடாத அறிவு

கல்வியின் பயன் யாதென வினவினால், மதிப்பெண் என்றே விடையிறுக்கும் காலமாக நம் காலம் ஆகிவிட்டது. மதிப்பெண்ணைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஏழை வீட்டுப் பிள்ளை மேற்படிப்பின் வாயிலைத் தட்டுகையில் அதுவே துணை நிற்கிறது. ஆயினும் அறிவியல் பாடத்தில் மதிப்பெண் பெறும் வழியும் அறிவு பெறும் வழியும் இருவேறாகப் பிரிந்துவிட்டன. இதனை எண்ணிப் பார்க்கும் கடமை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மட்டுமன்றிச் சமுதாயப் பெரியோர்க்கும் உண்டு என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளிகள் பலவற்றில் நடப்பது என்ன? ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுக்கூடம் பூட்டியே கிடக்கிறது. தேர்வு நெருங்கியதும் சோதனைகள் விரைந்து செய்து காட்டப்படுகின்றன. செய்பவர் ஆசிரியர், பார்ப்பவர் மாணவர். நோக்கம் முதல் முடிவு வரை அனைத்தும் முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து எழுத்துப் பிசகாமல் இறங்குகின்றன. சோதனை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது!

இதனால் விளையும் இழப்பைத் தனி ஊசல் ஒன்றைக் கொண்டே காட்டலாம். நூறு சென்டிமீட்டர் நீளமுள்ள நூலில் குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறோம். 40 நொடி வந்தால் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 987 எனக் கிடைக்கும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் ஒரு நொடி தாமதித்து 41 எனக் குறித்தாலோ, அது 939 ஆகிவிடும். 939 கண்ட மாணவன், நூலில் உள்ள 980-ஐ ஒட்டி வருமாறு கணக்கைப் பின்னோக்கிப் போட்டு அளவீட்டைத் திருத்திவிடுகிறான். திருத்தாமல் நின்றிருந்தால், "ஒரு நொடி இவ்வளவு பெரிய மாற்றத்தை ஏன் செய்தது? ஓர் அலைவை மட்டும் அளக்காமல் இருபதை ஏன் அளக்கிறோம்?" என்னும் வினாக்கள் அவன் உள்ளத்தில் எழுந்திருக்கும். அவ்வினாக்களே அறிவியல். கண்டதை மறைத்துக் கேட்டதை எழுதும் பழக்கம் அறிவுக் குறைபாடு மட்டுமன்று. வாய்மைக் குறைபாடும் ஆகும். அதனைப் பள்ளியே பயிற்றுவிக்கலாமா?

கண்டறிந்து உரைப்பது நமக்குப் புதிய நெறியன்று. 965-ஆம் ஆண்டளவில் பசராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் ஒளியியல் நூலில் முன்னோர் கூற்றுகளைச் சோதனையால் உரைத்துப் பார்த்தார். சிறு துளைக்கு எதிரே விளக்குகள் பலவற்றை வைத்து, உள்ளே இருண்ட இடத்தில் விழும் ஒளிகளை நோக்கினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டுமே மறைந்தது. மறைப்பை நீக்கினால் மீண்டும் தோன்றியது. ஒளிகள் துளையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை என அவர் தெளிந்தார். மூன்று மெழுகுவத்தியும் துளையிட்ட ஓர் அட்டையும் இருளடைந்த அறையும் இருந்தால் எந்த உயர்நிலைப் பள்ளியும் இன்றே இதனைச் செய்து பார்க்கலாம். இடப்புற மெழுகுவத்தியை மறைத்தால் சுவரில் வலப்புற ஒளி மறைவதைக் கண்ட பிள்ளை, ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பதை ஒருநாளும் மறவான்.

"வகுப்பிலோ ஐம்பது பேர், பாடமோ மலையளவு, கண்ணாடிக் கருவிகள் உடைந்தால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. இதற்கு விடைகாண முயன்ற முன்மாதிரி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. எளிய பொருள்களைக் கொண்டு சிற்றூர்ப் பிள்ளைகள் குழுவாய் அமர்ந்து தாமே சோதனை செய்தனர். தாமே முடிவு கண்டனர். தேர்வில் நூலைத் திறந்து பார்க்கலாம். செய்முறையும் தேர்வின் பகுதியாக இருந்தது. பிற மாவட்டங்களுக்கும் பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. நின்றது திட்டமே, அது காட்டிய வழி அடைபடவில்லை.

நம் பள்ளிகளும் அவ்வழி செல்லலாம். நால்வருக்கு ஒரு குழு அமையட்டும். கருவி ஒருவர் கையிலேயே தங்காமல் முறை வைத்து மாறட்டும். அமிலம் போன்றவை ஆசிரியர் மேற்பார்வையில் மட்டுமே கையாளப்படட்டும். நூலும் கல்லும், குவிலென்சும் வெள்ளைத்தாளும் கொண்டு செய்யத்தக்கவற்றைப் பிள்ளைகள் அஞ்சாமல் செய்யட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டம், தெரிவு செய்யப்படும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அத்தகைய உதவியைப் பெற முயல்வோம். ஆயினும் கட்டடமும் கருவியும் வந்த பின் கதவு திறக்கப்படுகிறதா என்பதே முதன்மையான கேள்வி. உடைந்த குழாய்க்கு ஈடு செய்ய ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கும் நிர்வாகம், பெரிய திறப்புவிழா நடத்தும் நிர்வாகத்தினும் மேலானது.

அறிவியல் பேசத் தமிழ்த்துறைக்கு என்ன உரிமை எனச் சிலர் கேட்கலாம். பதிவேடு எழுதப்படுவது மொழியில் அன்றோ? தான் கண்டதைத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதத் தெரியாத பிள்ளைக்கு அறிவியலும் வாய்க்காது, தமிழும் வாய்க்காது. "கரைசல் நிறம் மாறியது" என்று படியெடுப்பதைவிட, எந்நிறம் எந்நிறமாயிற்று, எத்தனை துளியில் ஆயிற்று எனத் தானே எழுதுவது உயர்ந்த மொழிப்பயிற்சியாகும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, 939 என்று உண்மையாக எழுதி, அது ஏன் வந்தது என்று விளக்கும் மாணவனுக்கு முழு மதிப்பெண் வழங்குங்கள். மாணவ மணிகளே, கண்டதையே எழுதுங்கள். பெரியோர்களே, ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள்.